மாமி, நர்ஸ், காஞ்சனா, ஷில்பா: வீட்டுத் திரைக்கு எது தேறும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு தமிழ்ப் படத்தைப் போட்டால் முன்னால் உட்காருவது மூன்று தலைமுறை. ஆயாவுக்கு வசனம் காதில் விழுந்தாலே போதும், கீழே ஓடும் எழுத்தைப் படிக்கக் கண் ஒத்துழைக்காது. பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஆங்கில எழுத்து இல்லாவிட்டால் ஒரு காட்சியும் நகராது. நடுவில் இருப்பவர்கள் பாதி கேட்டும் பாதி படித்தும் சிரிப்பார்கள். சண்டைப் படம் சின்னதுகளுக்கு ஆகாது, அழுகைப் படம் வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு ஆகாது. கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொள்வது காமெடி. அந்தக் காமெடியில் புடவை கட்டிய கதாநாயகனோ, ஒரு திருநங்கையோ, நளினமாகக் கையசைக்கும் ஒரு மேக்கப்மேனோ அடிக்கடி வந்து நிற்கிறார்கள். எந்தப் படத்தை எடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம், எதற்கு ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று பார்ப்பதுதான் இந்த விமர்சனம்.

மேக்கப், நடிப்பு, பாட்டு எல்லாவற்றையும் தாண்டி, படத்தை எடைபோட ஒரு கேள்வி போதும். அந்தப் பாத்திரம் திரையில் இருக்கும்போது ஏமாளியாவது யார்?

ஆண் பெண் வேடம் போட்டு வீட்டுக்குள் நுழையும் படங்களில் ரகசியம் நமக்குத் தெரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. சிரிப்பு அந்தத் தெரியாதவர் மேல் விழும். திருநங்கை பாத்திரம் வரும் காட்சியில் அப்படி ஒரு ரகசியமே கிடையாது. அவர் எதையும் மறைக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. சிரிக்க வேறு பொருள் கிடைக்காத இயக்குநர் அவருடைய உடம்பையும் குரலையும் நடையையும் எடுத்துக்கொள்கிறார். இரண்டும் வேறு வேறு இயந்திரங்கள். ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டும்போதுதான் படம் கெடுகிறது.

முதலில் 'அவ்வை சண்முகி'. 1996 தீபாவளிக்கு வந்தது, கே.எஸ். ரவிக்குமார் இயக்கம், கிரேசி மோகன் வசனம். 1993இல் வந்த ஆங்கிலப் படமான 'மிஸஸ் டவுட்ஃபயர்' தந்த பொறி என்பது ஊரறிந்த விஷயம். மனைவியைப் பிரிந்த பாண்டியன், மகளோடு இருப்பதற்காக மாமி வேடத்தில் மாமனார் வீட்டிலேயே வேலைக்குச் சேர்கிறான். வேடத்துக்குப் பெயர் கிடைப்பது சென்னையின் அவ்வை சண்முகம் சாலைப் பலகையிலிருந்து. அந்தச் சாலைக்குப் பெயர் தந்தவர் மேடையில் அவ்வையாராக நடித்தே 'அவ்வை' என்ற பட்டம் பெற்ற டி.கே. சண்முகம். பாண்டியனாக நடித்த கமல்ஹாசன் சிறுவனாக அவருடைய நாடகக் குழுவில் இருந்தவர். ஒரு ஆண் கிழவி வேடம் போட்டு ஊரே கும்பிட்ட மரபுக்கு வைத்த வணக்கமாகவும் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

மேக்கப் மைக்கேல் வெஸ்ட்மோர், ஹாலிவுட்காரர். பாட்டியின் கன்னமும் கழுத்தும் முகத்தோடு ஒட்டி அசைகின்றன. உதட்டோரத்தில் மட்டும், நெருக்கத்தில் எடுத்த காட்சிகளில், தோல் கொஞ்சம் தாமதமாக நகர்வது பெரிய திரையில் தெரியும். வீட்டு டிவியில் பிரகாசத்தை அளவுக்கு மேல் ஏற்றி வைத்திருப்பவர்களுக்கும் தெரியும், குறைத்துக்கொள்ளுங்கள்.

படம் இன்றும் நிற்பதற்குக் காரணம் மேக்கப் இல்லை. மாமியைப் பார்த்து மயங்குவது ஜெமினி கணேசன். 'காதல் மன்னன்' என்று பட்டம் வாங்கியவர் சொந்த மருமகனைப் பார்த்து வழிகிறார். வீட்டுக்காரர் முதலியாராக மணிவண்ணன் இன்னொரு பக்கம் வழிகிறார். சிரிப்பு முழுக்க இந்த இரண்டு பெரிய மனிதர்களின் தலையில். மாமியோ சமையலிலும் குழந்தை வளர்ப்பிலும் கெட்டி, வாய்ச்சாலம் வேறு, யாருக்கும் சளைத்தவள் இல்லை. வேடம் போட்டவரை வேலை தெரிந்தவராக வைத்ததால் அவர் மேல் கேலி ஒட்டுவதில்லை. பக்கத்திலேயே நாசரின் பாஷா, பிராமணச் சமையல்காரராக ஊமை வேடம் போட்டு நிற்கிறார். பாலினத்தை மறைத்தவர் ஒருவர், மதத்தை மறைத்தவர் ஒருவர். வேடம் போட வைத்தது அந்த வீட்டின் பிடிவாதம்தான் என்று படம் சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறது. இந்த இரட்டை வேடத்தை எத்தனை முறை பார்த்தாலும் மெச்சத்தான் தோன்றுகிறது.

குறை இல்லாமல் இல்லை. பிராமண வீட்டுப் பேச்சும் சாதி நையாண்டியும் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எட்டாது. துணைத்தலைப்பு மோகனின் சிலேடைகளில் பாதியைக் கைவிட்டுவிடும், சில இடங்களில் வசனம் முடியும் முன்னே எழுத்து வந்துவிடுவதால் பேரன் சிரித்து முடித்த பிறகு ஆயா சிரிப்பார். பக்கத்தில் இருப்பவர் நாலு வார்த்தை விளக்கிச் சொன்னால் சரியாகிவிடும். குடும்ப இரவுக்குத் தயங்காமல் எடுக்கலாம்.

அதே இயந்திரத்தை இருபது வருடம் கழித்து ஓட்டிப் பார்த்தது 'ரெமோ'. 2016 அக்டோபர், பாக்கியராஜ் கண்ணன் இயக்கம், சிவகார்த்திகேயன் நர்ஸ் வேடத்தில். தான் எங்கிருந்து வந்தது என்று படமே ஒளிக்கவில்லை. கே.எஸ். ரவிக்குமார் அவராகவே வந்து, மாமி படத்தின் அடுத்த பாகத்துக்கு நடிகர் தேடுகிறார். முகத்துக்கு ஷான் ஃபூட் செய்த ஒட்டுவேலை, பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு. நர்ஸ் முகம் மாமி முகத்தைவிட நுட்பமாகவே அமைந்திருக்கிறது. இளம் பெண்ணின் முகத்தில் சுருக்கம் கிடையாது, ஒட்டின விளிம்பை மறைக்க மடிப்பும் கிடையாது. அதைச் செய்து காட்டியதற்குத் தனி மதிப்பெண் உண்டு.

ஆனால் ஏமாளி மாறிவிட்டார். பாண்டியன் ஏமாற்றுவது தன்னை விரட்டிய மாமனாரை. 'ரெமோ'வின் நாயகன் எஸ்கே ஏமாற்றுவது தான் விரும்பும் பெண்ணை, கீர்த்தி சுரேஷின் காவ்யாவை. அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. தோழி என்று நம்பி அவள் மனதைத் திறக்கிறாள், அந்தத் தோழி அவளை நிச்சயத்திலிருந்து தள்ளிக்கொண்டு போகிறாள். பெண் வேடம் இங்கே பெண்ணின் நம்பிக்கைக்குள் நுழையும் சாவி. பின்தொடர்வதைக் காதலாக்கியதைப் பலர் அப்போதே கண்டித்தார்கள். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு கேடும் இதில் இருக்கிறது. 'பெண்கள் இருக்கும் இடத்துக்குள் புகவே இவர்கள் புடவை கட்டுகிறார்கள்' என்பது உலகம் முழுக்கத் திருநங்கைகள் மேல் வீசப்படும் பழி. அந்தப் பழியைக் கதாநாயகனின் சாமர்த்தியமாக்கி, பாட்டுப் போட்டு, கடைசியில் கல்யாணப் பரிசும் கொடுக்கிறது படம். படத்தில் திருநங்கை யாரும் இல்லையே என்று சமாதானம் சொல்ல முடியாது, பழி வேலை செய்ய அவர்கள் திரையில் இருக்க வேண்டியதே இல்லை.

நர்ஸைத் துரத்தும் யோகி பாபு வரும் இடங்கள் மட்டும் பழைய முறையில் ஓடுகின்றன. அங்கே அசடு வழிபவர் துரத்துகிறவர், அதனால் அந்த இடங்கள் தேறுகின்றன. பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைப் போடுவதாக இருந்தால், முடிந்த பிறகு தேநீர் போட்டு உட்கார்ந்து பேசவும் நேரம் ஒதுக்குங்கள்.

'ஐ' நகைச்சுவைப் படம் இல்லை. ஆனால் அதிலுள்ள காமெடித் துண்டுகள் தனியாக வெட்டப்பட்டுத் தொலைபேசிகளில் சுற்றுவதால் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2015 பொங்கலுக்கு ஷங்கர் தந்தது. ஒஸ்மா ஜாஸ்மின் என்ற ஒப்பனைக் கலைஞர் பாத்திரம், நடித்தவர் ஓஜஸ் ரஜனி, நிஜத்திலும் இந்தித் திரையுலகில் பெயர் பெற்ற ஒப்பனைக் கலைஞர், திருநங்கை. நிஜத் திருநங்கையையே நடிக்க வைத்தார்கள், தொழிலில் தேர்ந்தவராகவும் காட்டினார்கள். இவ்வளவு நல்ல சரக்கை வைத்துக்கொண்டு, அவர் வாயைத் திறக்கும் போதெல்லாம் விக்ரமும் சந்தானமும் முகத்தைச் சுளிக்கிறார்கள். அவர் காதலைச் சொன்னால் அருவருப்பு, மறுக்கப்பட்டதும் வில்லி, முடிவில் உடம்பைக் கெடுக்கும் தண்டனை. படம் வந்ததும் திருநங்கைகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், நியாயமாகத்தான்.

இந்த மாதிரி காட்சியைச் சோதிக்க எளிய வழி ஒலியை அணைப்பது. வசனம் இல்லாமல் ஓடவிட்டு, திருநங்கை பேசி முடித்ததும் கேமரா எங்கே போகிறது என்று கவனியுங்கள். பேசினவர் முகத்தில் நின்றால் அவர் சொன்னதுதான் நகைச்சுவை. கேட்டவரின் சுளித்த முகத்துக்குத் தாவினால் அவரே நகைச்சுவை. 'ஐ' படத்தில் கேமரா தாவிக்கொண்டே இருக்கிறது. பிறகு படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். ஒருவர் நடந்து வருவதற்கே 'டொய்ங்' என்றோ இழுத்த புல்லாங்குழலென்றோ ஒரு சத்தம் போட்டிருந்தால், எழுத்தாளரிடம் நகைச்சுவை தீர்ந்துபோய் இசையமைப்பாளரிடம் கடன் வாங்கியிருக்கிறார் என்று பொருள். மூன்றாவது, குரல். திருநங்கை பாத்திரத்துக்கு வேண்டுமென்றே கரகரத்த ஆண் குரலை ஒட்டுவதை அடிக்கடி கேட்கலாம். ஒட்டு சரியாகப் பொருந்தாததால் உதடு ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமும் போகும்.

இப்போது 'காஞ்சனா'. இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் பேய்ப்படத்துக்கு என்றைக்கும் கிராக்கி உண்டு, சிரிப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2011, ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்தது, கோவை சரளா அம்மா. பேய்க்குப் பயப்படும் ராகவா மேல் காஞ்சனா என்ற திருநங்கையின் ஆவி இறங்குகிறது. பெற்றவர்கள் துரத்திவிட்ட காஞ்சனா, தன்னைப் போலவே துரத்தப்பட்ட கீதாவை வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைக்கிறாள். மருத்துவமனை கட்ட வாங்கின நிலத்தை அரசியல்வாதி பறித்துக் கொலையும் செய்கிறான். காஞ்சனாவாக சரத்குமார். மேல்சட்டை கழற்றிச் சண்டை போட்டுப் பேர் வாங்கிய நடிகர், சிவப்புப் புடவையில், குரலை நெளிக்காமல், தாயாகவே நிற்கிறார். வணிகத் தமிழ்ப் படத்தில் முன்னணி நாயகன் ஒருவர் இப்படி வந்து நின்றது பெரிய விஷயம். தியேட்டரில் விசில் அடித்த கூட்டம் ஒரு திருநங்கையின் பழிவாங்கலுக்கு விசில் அடித்தது.

சிக்கல் படத்தின் அமைப்பில் இருக்கிறது. காஞ்சனாவின் கதை பின்பாதியில்தான் வருகிறது. அதற்கு முன் நாம் பார்ப்பது ராகவா திடீரென்று மஞ்சள் பூசுவதையும் வளையல் போடுவதையும் இடுப்பை வளைப்பதையும், அதைப் பார்த்து அம்மாவும் அண்ணியும் அலறுவதையும்தான். 'பையன் இப்படி ஆகிவிட்டானே' என்ற பீதிதான் முன்பாதிச் சிரிப்புக்கு முழு எரிபொருள். பின்பாதியில் அதே பீதியால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவளுக்காக அழச் சொல்கிறது. முன்பாதியில் எதைப் பார்த்துச் சிரித்தோமோ அதுதான் அவளைக் கொன்றது என்று ஒரு இடத்திலாவது படம் திரும்பிப் பார்த்திருந்தால் இது வேறு தரத்தில் நின்றிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. ஆவி ஏறினால் வீரம், இறங்கினால் பழைய ராகவா, கதை முடிந்தது.

நடைமுறைக்கு வருவோம். லோட் ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, இருக்கும் நாட்களில் அட்டவணையைப் பார்க்காமல் இந்தப் படத்தைத் தொடங்கவே கூடாது. இடைவேளையோடு கரண்ட் போய், அத்தோடு எல்லாரும் படுக்கப் போனால், வீட்டுச் சிறுவர்கள் பார்த்தது வெறும் கேலிப்பாதி. மறுநாள் பள்ளியில் அவர்கள் நடித்துக்காட்டப் போவதும் அதைத்தான். ஒரே மூச்சில் முழுக்கப் பாருங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள். இதன் இந்தி வடிவமான 'லக்ஷ்மி' 2020இல் ஓடிடியில் வந்தது, அதையும் லாரன்ஸ்தான் இயக்கினார். அக்‌ஷய் குமார் துள்ளும் பகுதிகளைவிட, முன்கதையில் திருநங்கையாக வரும் ஷரத் கேல்கரின் சில நிமிடங்கள் கனமானவை. மூலத்தைப் பார்த்தவர்களுக்கு அது தேவைப்படாது.

நால்வரில் கடைசி ஷில்பா. 'சூப்பர் டீலக்ஸ்', 2019, தியாகராஜன் குமாரராஜா. இந்தியாவில் 'ஏ' சான்றிதழ், மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இதைக் காமெடி என்று நினைத்துக் குடும்பத்தோடு உட்காருகிறவர்கள் முதல் பத்து நிமிடத்திலேயே நெளிவார்கள், ஆயாவோடும் பிள்ளைகளோடும் வேண்டவே வேண்டாம். பெரியவர்களுக்கு மட்டும் என்றால் இந்தப் பட்டியலில் மிக நுணுக்கமான நகைச்சுவை இங்கேதான்.

பல வருடம் கழித்து மாணிக்கம் வீடு திரும்பப் போகிறான், உறவெல்லாம் கூடிக் காத்திருக்கிறது. டாக்சியிலிருந்து இறங்குவது ஷில்பா, புடவையில். வழக்கமான படம் என்றால் இந்த இடத்தில் அந்த 'டொய்ங்' விழும். இங்கே விழுவதில்லை, வாயடைத்துப்போய் நிற்கும் சொந்தக்காரர்களைக் கேமரா நிதானமாகக் காட்டுகிறது. முதலில் சகஜமாவது மகன் ராசுக்குட்டி. அப்பா வந்தாச்சு, அவ்வளவுதான் அவன் கணக்கு. கண்ணாடி முன்னால் ஷில்பா புடவை கட்டுவதை அவன் உட்கார்ந்து பார்க்கும் காட்சியில் நகைச்சுவையும் இருக்கிறது, கேலி ஒரு சொட்டும் இல்லை. கொசுவம் மடித்துச் சொருகும் விரல்களில்தான் விஜய் சேதுபதியின் உழைப்பு முழுக்கத் தெரிகிறது. இந்த வேடத்துக்காகத் துணை நடிகருக்கான தேசிய விருதும் கிடைத்தது.

கண்டனங்களும் சரியானவைதான். மும்பையில் குழந்தைகளைப் பிச்சையெடுக்கும் கும்பலிடம் கொடுத்ததாக ஷில்பா ஒப்புக்கொள்ளும் பகுதி, திருநங்கைகள் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற பழைய புரளிக்குத் தீனி போடுகிறது. கதைக்கு அது தேவையும் இல்லை. காவல் நிலையக் கொடுமை நீளமானது, பார்க்கக் கடினமானது. திருநங்கை வேடத்தை மறுபடி ஒரு ஆண் நடிகரிடமே கொடுத்தார்கள் என்ற வருத்தமும் சேர்கிறது. மம்மூட்டியோடு அஞ்சலி அமீர் என்ற திருநங்கை நடித்த 'பேரன்பு' அதே 2019இல்தான் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது, ஆள் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தமிழ்ப் படத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு இந்த நாட்டுச் சரக்கை விட்டுவிட்டால் நியாயம் இல்லை. தென்னாப்பிரிக்க நகைச்சுவை நடிகர் லியோன் ஷூஸ்டரின் 'மாமா ஜாக்' 2005இல் வந்தது. வெள்ளைக்காரரான அவர் முகத்தில் கறுப்பு பூசி, உடம்பில் பஞ்சு திணித்துக் கறுப்பினப் பெண்ணாக வருகிறார். ஏமாளி யார் என்ற கேள்வியை இங்கே போட்டால் விடை கசக்கும். வெள்ளையர் வீட்டுச் சமையலறையில் காலமெல்லாம் உழைத்த பெண்ணின் உடம்பே சிரிப்புப் பொருள். பாலினத்தை வைத்து ஒரு கேலி, நிறத்தை வைத்து இன்னொன்று. 2020இல் ஷோமேக்ஸ் தளம் ஷூஸ்டரின் படங்கள் சிலவற்றை எடுத்துவிட்டது. பழைய டிஸ்க் வீட்டில் கிடந்தால் கிடக்கட்டும்.

அதே நாட்டில் நாடகக் கலைஞர் பீட்டர்-டிர்க் ஏஸ் போட்ட எவிடா பெசெய்டென்ஹவுட் வேடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவரும் ஆண், அதுவும் பெண் வேடம்தான். ஆனால் எவிடா ஒரு ஆப்பிரிக்கானர் (டச்சு வழி வெள்ளையர்) சீமாட்டி, இல்லாத ஒரு பாண்டுஸ்தானுக்கு, அதாவது இனஒதுக்கல் அரசு கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய 'தாயகம்' ஒன்றுக்கு, தூதராம். இனஒதுக்கல் அரசை, அந்த அரசின் சொந்தச் சாதிச் சனத்துக்கு முன்னாலேயே, லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு கிழித்தார். புடவையோ கவுனோ சிக்கலே இல்லை, அதைக் கட்டிக்கொண்டு யாரைக் கிண்டல் செய்கிறோம் என்பதே வேறுபாடு. டார்லிங் ஊரில், பழைய ரயில் நிலையத்தில், எவிடா பெயரிலேயே அவர் ஒரு அரங்கம் நடத்தினார்.

நம்மவர்களுக்கோ அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 1860இல் தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் தெருக்கூத்தையும் கொண்டுவந்தார்கள். நேட்டாலில் அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கூத்தில் திரௌபதியும் ஆண்தான், சுபத்திரையும் ஆண்தான். அவளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, சிரிக்க வைப்பது கட்டியங்காரன் வேலை. வேடம் ஒரு ஆளிடம், கோமாளித்தனம் வேறு ஆளிடம் என்று நம் தாத்தாக்கள் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்கள்.

தீபாவளி இரவுகளிலும் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாக்களிலும் மாமி வேடம் போட ஆசைப்படுகிறவர்களுக்கும் இது பயன்படும். மடிசாருக்கு ஒன்பது கெஜம் வேண்டும், எட்டே கால் மீட்டர் கணக்கு. வழவழப்பான செயற்கைப் பட்டை எடுத்தால் இரண்டாவது காட்சியில் கொசுவம் அவிழும். பருத்தி கலந்த துணியாக எடுத்து, இடுப்பிலும் தோளிலும் உள்பக்கமாகப் பின் குத்துங்கள். சவரம் செய்த தாடையில் நீலம் தெரியும், அதன் மேல் நேராக ஃபவுண்டேஷன் பூசினால் சாம்பல் நிறம் அடிக்கும். முதலில் ஆரஞ்சு நிறக் கரெக்டர் மெல்லிசாகத் தடவி, பவுடர் போட்டு, பிறகு ஃபவுண்டேஷன். ஒட்டு மூக்கு, ஒட்டுக் கன்னம் எல்லாம் டர்பன் கோடை ஈரத்துக்கு ஆகாது, வியர்வையில் விளிம்பு கிளம்பிவிடும். குரலைக் கீச்சென்று உயர்த்தாதீர்கள். பத்து நிமிடத்தில் தொண்டை உடையும், மைக்கில் காது கிழியும். உங்கள் குரலிலேயே வேகத்தையும் இழுவையையும் மாற்றினால் போதும்.

நாடகம் எழுதும்போது சறுக்கும் இடங்களும் தெரிந்தவைதான். மார்புத் திணிப்பு நழுவி விழுவது, திடீரென்று கட்டைக் குரல் வருவது, 'அட, ஆம்பளையா நீ' என்று ஒருவர் வாந்தியெடுப்பது. மூன்றுமே சபையில் சிரிப்பை வாங்கித் தரும், அதனால்தான் விடாமல் வருகின்றன. ஆனால் அந்தச் சிரிப்பு வந்ததும் பின்வரிசையிலிருந்து 'மாஃபி' என்று, நளினமான ஆண்களை இழிக்கும் இந்த ஊர் வசைச் சொல்லாக, ஒரு குரல் எழும், அது வேடம் போட்டவரை நோக்கி மட்டும் எழுவதில்லை, அந்த மண்டபத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் காதிலும் போய் விழும். வேடத்தைப் பற்றிப் பேசாமலே மாமிக்கு ஒரு வேலை கொடுங்கள். கல்யாண வீட்டில் பந்தி கணக்கு, கோயில் கமிட்டித் தகராறு, சம்பந்திச் சண்டை, எதுவானாலும் சரி. தர்மகர்த்தா வழியட்டும், மாமி ஜெயிக்கட்டும், நாடகம் தானாக ஓடும்.

'நிஜத்தில் இவர் ஆண்' என்று முகமூடியைக் கிழிக்கும் முடிவுக்கும் இங்கே வேலை இல்லை. இந்த நாட்டில் 2003ஆம் ஆண்டின் 49ஆம் எண் சட்டம், மருத்துவ வழியில் பால் மாறியவர்கள் பதிவேட்டிலேயே அதை மாற்றிக்கொள்ள வழி செய்திருக்கிறது. 1969இல் இதே நாட்டில் மாறுவேடத்துக்கு எதிராக ஒரு சட்டம் வந்து, பெண் உடையில் போனவர்கள் மேலும் பாய்ந்தது. எந்தக் காலத்தில் நின்று சிரிக்கிறோம் என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படத்தை எடுக்கும்போது பார்க்க வேண்டிய இன்னொன்று, பலர் கவனிக்காமல் தாண்டும் தரச் சின்னம். தென்னாப்பிரிக்கத் திரைப்பட வாரியம் வயது எண்ணோடு சில எழுத்துகளும் போடும். வன்முறைக்கு 'வி', மொழிக்கு 'எல்', நிர்வாணத்துக்கு 'என்' என்பது எல்லாருக்கும் தெரியும். 'பி' என்றும் ஒன்று உண்டு, இனத்தையோ பாலையோ மதத்தையோ வைத்து ஒருவரை இழிவுபடுத்தும் காட்சிகளுக்கான எச்சரிக்கை அது. வயது எண் சின்னதாக இருந்து பக்கத்தில் 'பி' இருந்தால், பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போகிற படம் இல்லை அது. சின்னமே இல்லாமல் யாரோ பதிவு செய்து கொடுத்த டிஸ்க் என்றால் மேலே சொன்ன ஒலிச் சோதனையை நீங்களே செய்துகொள்ளுங்கள், ஐந்து நிமிடம் போதும். திருநங்கை முதலில் நுழையும் காட்சி ஒன்று, அவர் யாரிடமாவது ஆசையையோ கோபத்தையோ சொல்லும் காட்சி ஒன்று, அவர் கதை முடியும் இடம் ஒன்று. மூன்றையும் ஓடவிட்டால் படத்தின் குணம் தெரிந்துவிடும்.

சங்க மண்டபத்தில் நிதி திரட்டுவதற்காகக் காட்டுவதாக இருந்தால் 'அவ்வை சண்முகி'தான் எங்கள் முதல் பரிந்துரை. 'காஞ்சனா'வையும் காட்டலாம், இடைவேளை விடாமல், வடையையும் தேநீரையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு. எதுவானாலும் வீட்டுக்கென்று வாங்கிய டிஸ்க்கும் ஓடிடி சந்தாவும் பொதுக்காட்சிக்குச் செல்லாது. பொதுவில் காட்டும் உரிமையைத் தனியாக எழுதி வாங்க வேண்டும், டிக்கெட் அச்சடிப்பதற்கு முன்னால்.